குடத்தோடு மலையேறியவர்கள்

பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தேன்.

முதலில் வாளியின் அடியில் தடதடவென்று மோதும். அப்புறம் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணியும். வாளி நிறையும் நேரத்தில் முணுமுணுப்பாக மாறிவிடும். அந்தச் சத்தத்தை வைத்தே, படுத்தபடி, பாதியா முக்காலா என்று என்னால் சொல்லிவிட முடியும். எண்பதுகளில் தாம்பரத்தில் வளர்ந்த எந்தப் பெண்ணும் சொல்வாள்.

எழுந்து பாயைச் சுருட்டக் கை நீட்டினேன். பாய் இல்லை. அந்துருண்டை வாசனை அடிக்கும் ஒரு கம்பளி இருந்தது. மூக்கு நுனி ஜில்லென்று இருந்தது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக எதுவோ கண்ணாடியில் சாய்ந்து நின்றது. பனிமூட்டம். நாங்கள் ஏற்காட்டில் இருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏற்காட்டில் இருந்தால் என்ன? குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா எழுந்துவிட்டாள்.

"கன்னிம்மா, எந்திரி. டீச்சர், எந்திரிங்க. தண்ணி வந்துடுச்சு."

தாழ்வாரத்தில் அம்மாவின் குரல் கேட்டதும், கம்பளிகளை உதறிவிட்டு ஒரு வேன் நிறையப் பெண்கள் எழுந்தார்கள். எந்த ஊர், எந்த வீடு, யாருடைய குழாய் என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டே குடத்தைத் தேடினார்கள்.

ஆமாம், குடத்தைத்தான். ஏற்காட்டுக்கு நாங்கள் குடத்தோடுதான் போயிருந்தோம்.

எங்கள் தெருவின் கடிகாரம்

'தாம்பரத்தில் அப்படி என்ன பெரிய தண்ணீர்க் கஷ்டம்?' என்று போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். நேற்று குடிவந்தவராக இருக்க வேண்டும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, பொறாமைதான்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் கிணறு இருந்தது. கோடையில் அதில் வாளியை இறக்கினால் மண்தான் வரும். தெருமுனையில் ஒரு குழாய். விடியற்காலை நாலு மணிக்கு அது இருமும். ஒரு முறை, இரண்டு முறை இருமிவிட்டு, மூன்றாவது இருமலில் தண்ணீர் வரும். ஐந்தரைக்கு நின்றுவிடும். அதற்குள் பிடித்ததுதான் அன்றைய குடிநீர், சமையல், காபி, கௌரவம் எல்லாம்.

வரிசையில் இடம் பிடிக்க முந்தின நாள் மாலையே குடத்தை வைத்துவிடுவார்கள். குடம் இல்லாதவர்கள் செங்கல் வைப்பார்கள். யாருடைய செங்கல் யாருடைய குடத்துக்கு முன்னால் என்பதில் வரும் சண்டைகள், முதல் மின்சார ரயில் தாம்பரத்திலிருந்து கிளம்பும் சத்தத்தை மிஞ்சும். அந்தச் சண்டைகளைத் தீர்த்து வைப்பவள் என் அம்மா சுலோச்சனா. அவளை யாரும் நியமிக்கவில்லை. ஒரு நாள் இரண்டு பேர் குடுமிப்பிடிச் சண்டையில் இருந்தபோது, குழாய் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "சண்டை முடிஞ்சதும் சொல்லுங்க, திறக்கறேன்" என்றாளாம். அன்றிலிருந்து அவள் சொன்னதுதான் சட்டம்.

தண்ணீரில் அவளுக்கு மூன்று சாதி உண்டு. குடிக்க, சமைக்க ஒன்று. பாத்திரத்துக்கு ஒன்று. மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்று. முதல் சாதித் தண்ணீரில் கை நனைத்தால் கையை ஒடித்துவிடுவாள். மனிதர்களில் சாதி பார்க்காத என் அம்மா தண்ணீரில் மட்டும் மகா ஆசாரம்.

எங்கள் தெருவில் யாருக்கும் இல்லாத ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓடுகிற குழாயை மூடும் பழக்கம். குழாய் என்றால் அது தானாக வரும், தானாக நிற்கும். நிற்கிறவரை பிடிக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரே விதி அதுதான்.

மாடம்பாக்கத்தில் போட்ட திட்டம்

அந்த டூர் யோசனையே அம்மாவுடையதுதான். ஒரு பிரதோஷத்தன்று மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய்விட்டு, பிராகாரத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது உதித்தது. பக்கத்தில் இருந்தவள் கன்னியம்மா. எங்கள் தெரு வருவதற்கு முன்னால் அந்த இடமெல்லாம் அவர்கள் குடும்பத்து வயல். வயலை மனை போட்டு விற்றுவிட்டு, இரண்டு எருமைகளை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டு பால் கறந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். 'ஒரு தபா எங்கனா குளிரான எடத்துக்குப் போவணும்க்கா' என்று அவள் எதற்கோ சொல்லிவைக்க, அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

கேட்ட எல்லாப் பெண்களும் சரி என்றார்கள். எல்லா ஆண்களும் சிரித்தார்கள். ஆண் துணை இல்லாமல் பெண்கள் மட்டும் வேன் வைத்துக்கொண்டு மலைக்குப் போவதாவது! எங்கள் தெருவில் அதற்கு முன் அப்படி நடந்ததே கிடையாது. என் அப்பா பல்லாவரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். சத்தம் போட மாட்டார். பேப்பரை மடித்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"போயிட்டு வா. ஆனா அங்க ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஒரு மணி நேரம் லேட்டா வந்தாக்கூட சரி, இதுதான் முதலும் கடைசியும்."

மற்ற வீடுகளிலும் இதையே வேறு வேறு சுருதியில் சொன்னார்கள். ஆக, அந்த வேனில் ஏறிய ஒவ்வொருத்திக்கும் தெரியும். ஒரு தப்பு நடந்தால் போதும், இனி எந்தக் காலத்திலும் எங்கள் தெருப் பெண்களுக்கு ஊர் என்பது ரேஷன் கடையும் மார்க்கெட்டும்தான்.

அதனால்தான் அம்மா எதையும் விட்டுவைக்கவில்லை. புளியோதரை, ஊறுகாய், ஸ்டவ், மண்ணெண்ணெய் டின், தைலம், கூடவே வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குடம். "போற இடத்துல தண்ணி எப்படியோ" என்று சொல்லிவிட்டாள். பெருங்களத்தூரில் வேன் நின்றபோது, கூரைமேல் சிவப்பும் பச்சையும் நீலமுமாக அடுக்கிக் கட்டியிருந்த குடங்களைப் பார்த்து, தெற்கே போகும் பஸ்ஸுக்காகக் காத்திருந்த ஒருவர் 'குடம் என்ன விலைம்மா?' என்று கேட்டார்.

எங்கள் தெரு ஸ்டெல்லா டீச்சரும் கன்னியம்மாவும் வேனின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். ஒரு செங்கல் விவகாரத்தில் இருவருக்கும் பேச்சு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பொன்னம்மாள் வீடு

அப்போது ஏற்காட்டில் ஏரிக்கரையில் நல்ல ஓட்டல்கள் இருந்தன. அவை நமக்கல்ல. எங்களுக்குக் கிடைத்தது, கடைத்தெருவுக்கு மேலே, காபித் தோட்டத்து ஓரமாக ஒரு ஓட்டு வீடு. வாசலில் 'கெஸ்ட் ஹவுஸ்' என்று தகரத்தில் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நடத்தியவர்கள் பொன்னம்மாள் என்ற அம்மாளும் அவர் கணவர் ரத்தினமும். ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர்தானே தவிர, அது அவர்கள் குடியிருந்த வீடு. எங்களுக்கு இடம் போதவில்லை என்று தங்கள் படுக்கையறையையும் ஒழித்துக் கொடுத்துவிட்டு, சமையலறைக்குப் பின்னால் விறகு அடுக்கும் கொட்டகையில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். நான் படுத்த அறைச் சுவரில் அவர்களுடைய கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. போட்டோவில் ரத்தினம் பயந்துபோயிருந்தார். நேரில் பார்த்தபோதும் அப்படியேதான் இருந்தார்.

நாங்கள் போய் இறங்கிய மாலையில் பொன்னம்மாள் எல்லோருக்கும் மிளகு ரசம் கொடுத்தார். சாதம் இல்லாமல், டம்ளரில், குடிப்பதற்கு. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு அது தொண்டையில் இறங்கியபோது, கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டு, "யக்கா, நானு இங்கயே இருந்துகினு போறேன், என் வூட்டுக்காரு எருமைய மேய்க்கட்டும்" என்றாள். அவ்வளவு ருசி. பிறகுதான் தெரிந்தது, ருசி தண்ணீரில் இருந்தது. வீட்டுக்கு மேலே சரிவில் ஒரு ஊற்று. அதிலிருந்து விரல் கனத்துக்கு ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டிச் சொட்டி ஒரு சிமெண்டுத் தொட்டியில் சேரும். அந்தத் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய்களுக்கு.

இதை அன்றே யாராவது எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். யார் சொல்வார்கள்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிற விருந்தாளி உலகத்தில் உண்டா?

அது தானாகத்தான் நிற்கும்

விடியற்காலைக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு வழக்கம்போல நாலு மணிக்கு விழிப்பு வந்திருக்கிறது. குளியலறைக் குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டியிருக்கிறது. இருமல்கூட இல்லை. அவ்வளவுதான்.

குடங்கள் நிரம்பின. மூன்று குளியலறை வாளிகளும் நிரம்பின. குளியலறை மூலைகளில் இருந்த சின்னச் சிமெண்டுத் தொட்டிகள் நிரம்பின. டிபன் கேரியரின் நாலு அடுக்கும் பிளாஸ்க்கும் நிரம்பின. ஸ்டெல்லா டீச்சர் முதுகுவலிக்கு வைத்துக்கொள்ளும் ரப்பர் பையும் நிரம்பியது. அதற்குப் பிறகும் குழாயில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. எங்கள் வாழ்க்கையில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

எல்லாம் நிறைந்த பிறகும் ஓடுகிற தண்ணீரை என்ன செய்வது? விட மனம் வரவில்லை. நடுங்கிக்கொண்டே தலைக்குக் குளித்தார்கள். புடவைகளை அலசினார்கள். கன்னியம்மா வாசலுக்குப் போய்த் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, அது போதாதென்று எங்கள் வேனையும் கழுவிவிட்டாள். டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

ஐந்தரை மணி வாக்கில் குழாய் ஒரு தரம் இருமியது. நின்றுவிட்டது.

அம்மா என்னைத் திருப்தியோடு பார்த்தாள். "பாத்தியா, நம்ம ஊர் மாதிரியே அஞ்சரைக்கு நிறுத்திட்டான். நல்லவேளை, பிடிச்சு வெச்சோம்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து ஒரு பாத்திரம் விழும் சத்தம். பொன்னம்மாள் சரிவில் ஏறி ஓடியது தெரிந்தது. தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தவர், தாழ்வாரத்தில் அணிவகுத்து நின்ற குடங்களையும், கொடியில் சொட்டிக்கொண்டிருந்த புடவைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாள் பூரா வர்ற தண்ணிங்க அது. எதுக்குங்க புடிச்சு வெச்சீங்க?"

எங்களில் யாருக்கும் அந்தக் கேள்வி புரியவில்லை. தண்ணீரை ஏன் பிடித்து வைத்தாய் என்று பிறந்ததிலிருந்து யாரும் எங்களைக் கேட்டதில்லை. பிடித்து வைக்கவில்லையா என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம்தான் ரத்தினம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ராத்திரி முழுக்கச் சொட்டினால்தான் தொட்டி நிறையும். கோடையில் ஊற்றும் இளைத்துவிட்டது. இனி சாயங்காலம்தான் ஏதாவது சேரும். அன்றைக்கு மதியமோ, பக்கத்துத் தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் நிச்சயதார்த்தச் சாப்பாடு அந்த வீட்டில். முப்பது இலை. இந்த வீட்டை நம்பி உள்ளூரில் வந்திருக்கும் முதல் விருந்து. அது ஒழுங்காக நடந்தால் ஊரில் பெயர் நிற்கும். நடக்காவிட்டால் தகரப் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். கீழே பொதுக் கிணற்றிலிருந்து தூக்கி வரலாம் என்றால், கோடையில் அங்கே இதைவிட நீண்ட வரிசை.

பொன்னம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்கள் தெருப் பெண்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், இன்றைக்கே காலி செய்துவிடுங்கள் என்றார்.

சீசன் நேரம். ஏற்காட்டில் ஒரு வேன் பெண்களுக்கு வேறு இடம் கிடையாது. காலி செய்தால் நேரே தாம்பரம்தான். போன மறுநாளே திரும்பிப் போய் இறங்கினால் அப்பாக்கள் முகத்தில் வரப்போகும் அந்தச் சிரிப்பு எங்கள் எல்லோருக்கும் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

மேலே இருந்தது, கீழே இருக்கிறது

அம்மா குடங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. தெருக் குழாயடியில் கண்டிப்பு காட்டிய அம்மாவை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கூனிக் குறுகி நின்ற அம்மாவை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு நிமிர்ந்து, பொன்னம்மாளிடம் போனாள்.

"தண்ணி எங்கயும் போயிடலைங்க. மேல இருந்தது, இப்ப கீழ இருக்கு. கொஞ்சம் செலவழிச்சுட்டோம், தப்புதான். மத்தியானம் வரைக்கும் அடுப்படித் தண்ணியை என் பொறுப்புல விடுங்க. அதுக்கப்புறமும் போகச் சொன்னீங்கன்னா, மறு பேச்சு பேசாம போயிடறோம்."

பொன்னம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. முப்பது பேருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் தெரியுமா என்று கேட்டார். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அந்தச் செருகலை எங்கள் தெரு அறியும். அழுதவள்கூட அழுகையை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

முதல் வேலையாக, தண்ணீர் மூன்று சாதியாகப் பிரிந்தது. குடங்களில் இருந்தது எல்லாம் சமையலுக்கும் பந்திக்கும். எங்கள் குடங்களைப் பற்றிப் பொன்னம்மாளுக்கு இருந்த சந்தேகம், ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்ததைப் பார்த்ததும் போய்விட்டது. கேரியரும் பிளாஸ்க்கும் நாங்கள் குடிப்பதற்கு. வாளிகளில் இருந்தது பாத்திரத்துக்கு. குளியலறைத் தொட்டிகளில் இருந்தது மற்றதுக்கு, அதுவும் அம்மாவின் அனுமதியோடு. அலசிய புடவைகளைப் பிழிந்த தண்ணீரைக்கூட ஒருத்தி பிடித்து வைத்திருந்தாள். அது கழிப்பறைக்குப் போனது.

அறைகள் ஒரு கோடி, சமையலறை மறு கோடி. நடுவில் படிக்கட்டு. ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு நடந்தால் தளும்பும் என்று எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தாள் அம்மா. குடம் கைமாறிக் கைமாறிப் போனது. அம்மா நிற்க வைத்த இடத்தில்தான் நிற்க வேண்டும், மறு பேச்சு இல்லை. கன்னியம்மாவுக்கு அடுத்து ஸ்டெல்லா டீச்சரை நிற்க வைத்தாள். அவள் வேண்டுமென்றேதான் செய்திருப்பாள். முதல் இரண்டு குடம் பேச்சில்லாமல் கைமாறியது. மூன்றாவதில் கன்னியம்மா, "கெட்டியா புடி டீச்சர், தளும்புது" என்றாள். டீச்சர், "நீ மெதுவா குடு" என்றார். ஒரு வருஷத்துச் செங்கல் அங்கே விழுந்தது.

சமையல் பொன்னம்மாளுடையது. அதில் அம்மா தலையிடவில்லை. ஆனால் அவர் கையில் போகிற ஒவ்வொரு செம்புக்கும் கணக்கு அம்மாவுடையது. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீர் சாம்பாருக்குப் புளி கரைக்கப் போனது. பருப்பு வெந்த தண்ணீர் ரசத்துக்கு. காய் கழுவிய தண்ணீரில் பாத்திரங்களுக்கு முதல் அலசல். வாழை இலைகளைக் கழுவாமல், பிழிந்த ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தோம். அந்த வேலை என்னுடையது. முப்பது இலையும் என் கையில் பளபளவென்று ஆனதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.

பொன்னம்மாள் நடுவில் ஒரு தடவை, பழக்கதோஷத்தில், கை கழுவக் குழாயைத் திருகினார். வரவில்லை. அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பேரும் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்கள்.

கை கழுவ ஒரு செம்பு

விருந்தினர்கள் வந்தார்கள். பட்டு வேட்டி, ஸ்வெட்டர், மல்லிகைப்பூ, காபிக்கொட்டை வாசனை. சாப்பாட்டுக்கு முன்னால் முப்பது பேரும் கை கழுவ வேண்டுமே! அவரவர் கையில் செம்பைக் கொடுத்தால், ஆளுக்கு ஒரு செம்பு காலி. அம்மா இதை முன்பே யோசித்து வைத்திருந்தாள். வாசல் படியில் கன்னியம்மாவும் ஸ்டெல்லா டீச்சரும் ஆளுக்கொரு பக்கம் செம்போடு நின்றார்கள். விருந்தாளி கையை நீட்டினால் இவர்கள் சன்னமாக ஊற்றுவார்கள். கீழே ஒரு அண்டா. இன்னொருத்தி துண்டு நீட்டுவாள். ஒரு செம்பு நாலு பேருக்கு வந்தது.

சிக்கனத்துக்காகச் செய்தது அது. அவர்களுக்கு அது ராஜ உபசாரமாகப் போய்விட்டது. மாப்பிள்ளையின் பெரியப்பா உருகிவிட்டார். எத்தனையோ விருந்துக்குப் போயிருக்கிறேன், கையில் தண்ணீர் ஊற்றி வரவேற்றவர்கள் இல்லை, இவர்களெல்லாம் எந்த ஊர் என்று பொன்னம்மாளிடம் கேட்டார். கன்னியம்மா முந்திக்கொண்டாள்.

"தாம்பரம். எங்கூர்ல தண்ணிக்கு மருவாத ஜாஸ்தி."

பொய் இல்லையே!

பந்தி முடிந்தது. பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு முந்தின நாள் விருந்தும் இங்கேதான் என்று ரத்தினத்திடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ரத்தினத்தின் முகத்தில் அந்தக் கல்யாண போட்டோ பயம் முதல் தடவையாக விலகியது. பாத்திரமெல்லாம் கவிழ்த்தபோது இரண்டு குடம் தண்ணீர் மிச்சம் இருந்தது. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பொன்னம்மாளைப் பார்த்தாள். மத்தியானம் ஆகிவிட்டது, போகட்டுமா இருக்கட்டுமா என்ற கேள்வி அது.

பொன்னம்மாள் சமையலறைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். எங்களைக் காலி செய்யச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஏனுங்க, தினமும் இத்தனை மணிக்கா எந்திரிப்பீங்க என்று கேட்டார். அம்மா, கல்யாணமான நாளிலிருந்து நாலு மணிதான், அதற்குமேல் தூங்கத் தெரியாது என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த அம்மாள்தான் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுல இருக்கிற வரைக்கும் நீங்க நாலு மணிக்கு எந்திரிக்கக் கூடாதுங்க. தண்ணி நான் பாத்துக்கறேன்."

சொன்னால் ஆயிற்றா? மறுநாளும் நாலு மணிக்கு அம்மா கண் விழித்தாள். எழுந்து குழாயடிக்குப் போகவில்லை. போர்வைக்குள் உட்கார்ந்து, குழாய் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த நாள் ஐந்து மணி. பகலில் ஏரியில் படகு, பகோடா பாயிண்ட், பலாப்பழம், சேர்வராயன் கோயில் எல்லாம் ஆயிற்று. அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது கடைசி நாள் காலை.

ஆறு மணிக்கு வேன் கிளம்ப வேண்டும். எல்லோரும் தயார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். லேசாக வாயைத் திறந்து, கன்னத்தில் கம்பளிச் சுருக்கத்தின் தடம் பதிய, சின்னப் பெண் மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள். என் அம்மா தூங்கி நான் அதுவரை பார்த்ததில்லை. நான் எழும்போது அவள் எழுந்திருப்பாள், நான் படுக்கும்போது அவள் விழித்திருப்பாள். எனக்கு அவளை அப்படியே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது.

எழுப்பப் போன என்னைப் பொன்னம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினார். காபியை மூடி வைத்துவிட்டு அறை வாசலில் உட்கார்ந்துகொண்டார். ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று. டிரைவர் ஹாரன் அடித்தான். பொன்னம்மாள் இறங்கிப் போய் அவனிடம் என்ன சொன்னாரோ, அப்புறம் ஹாரனே கேட்கவில்லை. அந்த வேன் பெண்கள், குழாயடியில் ஒரு நிமிஷம் பொறுக்காதவர்கள், படியில் வரிசையாக உட்கார்ந்து கிசுகிசுவென்று பேசியபடி காத்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்குமேல் எழுந்த அம்மா, வெயிலைப் பார்த்துவிட்டு அரண்டுபோனாள்.

பெருங்களத்தூரில் ஒரு கேள்வி

மூன்று மணிக்கு வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தோம். பெருங்களத்தூரில் வேன் நின்றபோது ஜி.எஸ்.டி. ரோட்டில் விளக்குகள் எரிய ஆரம்பித்துவிட்டன. தெரு ஆண்கள் மொத்தமும் எங்களைத் தேடி அதுவரை வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார்கள். போன் கிடையாது, தகவல் கிடையாது. வேன் எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ என்று பயந்திருக்கிறார்கள். எங்களை முழுசாகப் பார்த்ததும் பயமெல்லாம் கோபமாக மாறிவிட்டது.

அப்பா முன்னால் வந்தார். "ஏன் இவ்ளோ லேட்டு?"

முதலும் கடைசியும் என்று அவர் சொன்னது எல்லோர் காதிலும் திரும்ப ஒலித்திருக்கும். கன்னியம்மா சமாளிக்கப் பார்த்தாள். "அது வந்துண்ணா, டயரு..." என்று இழுத்தாள்.

அம்மா அவள் தோளில் கை வைத்து நிறுத்திவிட்டு, முதல் ஆளாக இறங்கினாள்.

"டயருக்கு ஒண்ணும் ஆகல. நான் தூங்கிட்டேன்."

தலையைக் குனியவில்லை. மன்னிப்பு கேட்கிற குரலும் இல்லை. அத்தனை ஆண்களுக்கு முன்னால், லாரிகளின் இரைச்சலுக்கு நடுவில், எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள். என் அம்மாவை நினைத்து நான் பெருமைப்பட்ட தருணங்கள் பல உண்டு. அவற்றில் இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

அப்பா அவளையே பார்த்தார். பிறகு கூரையிலிருந்து இறக்கிய பையை வாங்க வலது கையை நீட்டியவர், சுரீரென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பக்கத்தில் நின்ற கன்னியம்மாவின் வீட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். டீச்சரின் கணவர் நெற்றியில் பிளாஸ்திரி. குழாயடியில் செங்கல் சண்டையில் வாங்கிய அடி அது என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

அத்தனை நாளும் விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் தெருக் குழாயடியில் நின்று வாளி சுமந்தவர்கள் அவர்கள்தான். அது எங்கள் யாருக்கும் அதுவரை தோன்றவே இல்லை.

அப்பா பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"சரி வா. வீட்ல தண்ணி புடிச்சு வெச்சிருக்கேன்."

வீட்டுக்குள் போய் விளக்கைப் போட்டோம். அண்டா, குண்டான், தவலை, வாளி, இட்லிப் பானை எல்லாம் தளும்பத் தளும்ப நிரம்பியிருந்தன. மேடையில் காபி டபராக்கள்கூட ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக நிரம்பி நின்றன. அம்மா ஒரு டபராவை எடுத்துக் கடகடவென்று குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"அடுத்த மே மாசம் கோத்தகிரி" என்றாள்.

அப்பா கொப்புளத்தை ஊதிக்கொண்டே, "எத்தனை நாள்?" என்று மட்டும் கேட்டார்.